கொட்டித் தீர்த்தா சரியாயிடுமா? டிப்ரீஃபிங் பத்தி ஒரு எளிய விளக்கம்

ஒரு மோசமான கேஸ் முடிச்சிட்டு வர்ற ஆளுக்கு நம்ம ஊர்ல ரெண்டு விதமான அட்வைஸ் கிடைக்கும். ஒண்ணு, "விடுப்பா, இதுக்கெல்லாம் கலங்குனா இந்த வேலையைப் பாக்க முடியுமா, போய்ப் படு." இன்னொண்ணு, "மனசுல வச்சுக்காத, எல்லாத்தையும் கொட்டிடு, லேசாயிடும்." முதல்ல சொன்னது சரியில்லைன்னு இப்போ நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டாவதையும் அப்படியே எடுத்துக்கிட்டா அதுவும் தப்பாப் போகும்ங்கிறதுதான் பலருக்குத் தெரியல, ட்ரெய்னிங் எடுக்குறவங்கள்ல சிலருக்கே கூட. நான் சில வருஷமா ஹெல்ப்லைன், ஆம்புலன்ஸ், பெண்கள் தங்குமிடம்னு இந்த மாதிரி டீம்களோட உக்காந்து பேசுற வேலைல இருக்கேன், எங்க போனாலும் இந்தக் குழப்பம் இருக்கு, அதான் எழுதறேன்.

யாருக்காக எழுதறேன்னா 108 ஆம்புலன்ஸ்ல போற இஎம்டி (நோயாளிக்கு வண்டியிலயே அவசர சிகிச்சை குடுக்குறவங்க), வண்டி ஓட்டுற பைலட் (108ல டிரைவரை பைலட்னுதான் சொல்வாங்க), 181 (பெண்களுக்கு), 1098 (கொழந்தைங்களுக்கு) மாதிரி ஹெல்ப்லைன் நம்பர்ல போன் எடுக்குறவங்க, கேஷுவால்ட்டி ஸ்டாஃப் நர்ஸ், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர்ல கேஸ் வொர்க்கர், தீயணைப்புக்காரங்க, வில்லேஜ் ஹெல்த் நர்ஸ், மார்ச்சுவரி உதவியாளர் எல்லாருக்கும்தான். யூனிஃபார்ம் இருந்தாத்தான் முன்வரிசைன்னு இல்ல. 2004 சுனாமி சமயத்துல நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் பொணங்களைத் தூக்கி அடக்கம் பண்ணதுல வெளியூர் நகராட்சிகள்லேர்ந்து கூட்டிட்டு வந்த துப்புரவுப் பணியாளர்கள் நெறைய பேர் இருந்தாங்க. இந்த மாதிரி விஷயம் பேசும்போது அந்த ஆளுங்க யாருக்கும் ஞாபகத்துக்கே வர்றதில்ல.

டிப்ரீஃபிங்னா என்னன்னா, கஷ்டமான ஒரு சம்பவம் முடிஞ்சதும் அதுல இருந்தவங்க ஒண்ணா சேர்ந்து, என்ன நடந்துச்சு, இப்போ யார் எப்படி இருக்காங்க, அடுத்து என்ன பண்ணணும்னு பேசிக்கிறது, அவ்ளோதான். குழப்பம் எங்க வருதுன்னா மூணு வேற வேற விஷயத்தை இந்த ஒரே பேர்ல கூப்பிடறோம். வேலை எப்படிப் போச்சு, ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏன் காலியா இருந்துச்சுன்னு பேசறது ஒண்ணு. கேஸ் முடிஞ்ச உடனே அந்த இடத்துலயே டீம் அஞ்சு நிமிஷம் நின்னு பேசிக்கிறது இன்னொண்ணு. ஒரு கவுன்சிலர் வந்து எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு, "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தோணுச்சு, இருந்ததுலயே மோசமான தருணம் எது"ன்னு ஆழமாத் தோண்டறது மூணாவது. முதல் ரெண்டும் நல்லது. மூணாவதுலதான் வம்பு.

அந்த மூணாவது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துடுவோம், ஏன்னா இன்னிக்கும் நெறைய இடத்துல அதைத்தான் டிப்ரீஃபிங்னு சொல்லிக் குடுக்குறாங்க. அமெரிக்காவுல ஜெஃப்ரி மிட்செல்னு ஒருத்தர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலையெல்லாம் பாத்துட்டு அப்புறம் சைக்காலஜி பக்கம் போனவர். அவர் 1983ல ஒரு முறையை எழுதி வெளியிட்டார். சம்பவம் நடந்து ஒரு நாள்லேர்ந்து மூணு நாளைக்குள்ள டீமை உக்கார வைக்கணும், ஏழு கட்டமா பேசணும்: அறிமுகம், நடந்தது என்ன, என்ன நெனச்சீங்க, எது ரொம்பப் பாதிச்சுச்சு, உடம்புல மனசுல என்ன மாற்றம், அதைப் பத்தின விளக்கம், அப்புறம் திரும்ப வேலைக்கு. அவர் இதை தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மாதிரி ஏற்கெனவே பழகின டீம்களுக்காகத்தான் போட்டார், இதை ஒரு பெரிய ஏற்பாட்டுல ஒரு பகுதியாத்தான் வச்சிருந்தார். ஆனா இது பரவின வேகத்துல அதெல்லாம் போச்சு. பேங்க்ல கொள்ளையா, பஸ் கவுந்துச்சா, தீ விபத்தா, எல்லாத்துக்கும் ஒரு தடவை வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுப் போறதுன்னு ஆகிடுச்சு. பல இடத்துல கட்டாயம்னே ஆக்கிட்டாங்க.

அப்புறம்தான் நிஜமாவே இது உதவுதான்னு சோதிச்சுப் பாத்தாங்க. வேல்ஸ் நாட்டுல கார்டிஃப்ல தீக்காயம் பட்ட 133 பேரை வச்சுப் பண்ண ஆய்வு 1997ல வந்துச்சு. சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டு குரூப்பாப் பிரிச்சு, ஒரு குரூப்புக்கு இந்த டிப்ரீஃபிங், இன்னொரு குரூப்புக்கு எதுவும் இல்ல. 13 மாசம் கழிச்சுப் பாத்தா டிப்ரீஃபிங் பண்ணவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி (மோசமான சம்பவத்துக்கு அப்புறம் ஆறாம நீடிக்கிற மனப் பாதிப்பு), பண்ணாதவங்கள்ல 9 சதவீதம். தலைகீழா வந்திருக்கு பாருங்க. இதுல ஒரு விஷயம் சொல்லணும், டிப்ரீஃபிங் குரூப்ல இருந்தவங்களுக்கு ஆரம்பத்துலயே காயம் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால இந்த நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பாத்த 2002 காக்ரேன் ரிவியூவும் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற அமைப்போட அறிக்கை), ஒரே ஒரு தடவை தனியாளுக்குப் பண்ற டிப்ரீஃபிங்கால பிடிஎஸ்டி தடுக்கப்படறதா ஆதாரம் இல்ல, கட்டாயப்படுத்தறதை நிறுத்துங்கன்னுதான் சொல்லுச்சு. இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் குடுக்குற நைஸ் அமைப்பு 2005லயே இதை வழக்கமாப் பண்ணாதீங்கன்னு சொல்லி, 2018ல வேணவே வேணாம்னு எழுதிட்டாங்க.

மிட்செல் பக்கத்து ஆளுங்க கேக்குறதும் நியாயம்தான், "நாங்க டீமுக்குன்னு போட்டதை நீங்க தனியாப் படுத்திருக்கிற நோயாளிக்குப் பண்ணிட்டு சரியில்லன்னு சொல்றீங்களே"ன்னு. அந்தச் சண்டை இன்னும் முழுசா ஓயல. எனக்கு அந்தச் சண்டைல பக்கம் எடுக்கத் தேவையில்ல, ஏன்னா ரெண்டு பேரும் ஒத்துக்குற விஷயமே நமக்குப் போதும்: யாரையும் வலுக்கட்டாயமா பேச வைக்கக் கூடாது, ஒரே ஒரு உக்காரல்ல எல்லாம் முடிஞ்சுடும்னு நெனைக்கக் கூடாது.

ஏன் பேசறது சிலருக்குக் கெடுதல் பண்ணுது? சரியான காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா யோசிச்சாப் புரியும். சம்பவம் நடந்து முதல் ரெண்டு மூணு நாள் உடம்பு இன்னும் அலர்ட்லயே இருக்கும். தூக்கம் வராது, கண்ணை மூடினா அந்தக் காட்சி வரும், சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், சாப்பாடு எறங்காது, வீட்ல சின்ன விஷயத்துக்குக் கத்துவோம். இது நோய் இல்ல. பெரும்பாலானவங்களுக்கு நாள் போகப் போக தானாவே கொறையும். பிடிஎஸ்டின்னு டாக்டர்கள் பேர் வைக்கணும்னாலே இது ஒரு மாசத்துக்கு மேல நீடிக்கணும். இப்படித் தானா ஆறிகிட்டு இருக்கிற நேரத்துல ஒருத்தரை உக்கார வச்சு அந்தக் காட்சியைத் திரும்ப வரி வரியாச் சொல்ல வச்சா, உடம்பு திரும்ப அங்க போயிடுது, அதைத் தணிக்க நேரம் குடுக்காம "சரி, அடுத்தவர் சொல்லுங்க"ன்னு போயிடறோம். இதுக்கு மேல இன்னொண்ணு, வட்டத்துல உக்காந்திருக்கிற ஒருத்தர் பாத்ததை மத்தவங்க பாத்திருக்க மாட்டாங்க. வண்டிக்குப் பின்னாடி இருந்த இஎம்டி பாத்ததை முன்னாடி இருந்த பைலட் பாக்கல. அவர் தெரியாம இருந்ததே அவருக்கு நல்லது. இப்போ அதையும் கேட்டுத் தலைல ஏத்திகிட்டு வீட்டுக்குப் போறார்.

அப்போ பேசவே வேணாமான்னு கேட்டா, அப்படி இல்ல. எப்போ, எவ்வளவு, யாரோடங்கிறதுதான் விஷயம்.

முதல்ல அந்த அஞ்சு நிமிஷம். எடின்பரோல இருக்கிற ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல இதுக்கு ஸ்டாப்ஃபைவ்னு ஒரு சின்ன முறை வச்சிருக்காங்க. கேஸைச் சுருக்கமாச் சொல்றது, எது நல்லாப் போச்சு, எதை மாத்திக்கலாம், அதுக்கு யார் என்ன செய்யப் போறாங்க. நாலே விஷயம், அஞ்சு நிமிஷத்துக்குள்ள. நம்ம ஊர்ல இது எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம் வச்சுக்குவோம். பெரம்பலூர் பக்கம் ஹைவேல நடுராத்திரி பைக் ஆக்ஸிடென்ட். பின்னாடி உக்காந்திருந்த பையனுக்கு சிபிஆர் (நெஞ்சை அமுக்கி, மூச்சு குடுக்குறது) பண்ணிகிட்டே கொண்டு வந்தாங்க, கேஷுவால்ட்டில டாக்டர் பாத்துட்டு உயிர் இல்லைன்னுட்டார். பேப்பர் எல்லாம் முடிஞ்சு, வெளிய வண்டி பக்கத்துல இஎம்டி பொண்ணும் பைலட்டும் நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு ஆரம்பிக்குது.

"அண்ணே, வண்டி கழுவறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம். 1:40க்கு கால், 1:52க்கு ஸ்பாட். போகும்போதே பல்ஸ் இல்ல. சிபிஆர் ஆரம்பிச்சோம், ஏஇடி ஷாக் மெஷினைப் போட்டோம், ஷாக் வேணாம்னு சொல்லிச்சு. 2:20க்கு இங்க சேத்துட்டோம்."

"ஆமாம்மா."

"கூட்டத்தை நீங்க ஒதுக்கி விடலன்னா ஸ்ட்ரெச்சரை இறக்கியே இருக்க முடியாது."

"அந்த சக்ஷன் மெஷின்தான் மக்கர் பண்ணிச்சு. சார்ஜ் நிக்க மாட்டேங்குது. அதை எழுதிப் போட்டுடு."

"எழுதிடறேன். நீங்க எப்படி இருக்கீங்கண்ணே?"

அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எம்பையன் வயசும்மா."

"ம்ம்."

"டீ சாப்ட்டுட்டு வருவோம். இருவது நிமிஷம் வண்டி எடுக்க முடியாதுன்னு சொல்லிடு."

இவ்ளோதான் டிப்ரீஃபிங். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த "ம்ம்"தான். "ஐயோ, பையனைப் பாத்ததும் எப்படி இருந்துச்சு உங்களுக்கு"ன்னு அந்தப் பொண்ணு கேக்கல, "அதெல்லாம் நெனைக்காதீங்க"ன்னும் சொல்லல. அவர் சொன்னதை வாங்கிகிட்டா, அவ்ளோதான். இன்னொண்ணு, நடந்ததை டைமோட வரிசையாச் சொன்னது. இது ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த மாதிரி கேஸ் முடிஞ்சதும் மனசு தனக்குத் தானே கேஸ் போட்டுக்கும், "இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தா"ன்னு. போகும்போதே பல்ஸ் இல்லைங்கிற ஒரு உண்மை வாய்விட்டு சொல்லப்பட்டா அந்த எண்ணத்துக்கு ஒரு கடிவாளம் கிடைக்கும். சக்ஷன் மெஷின் விஷயமும் அப்படித்தான், எழுதிப் போட்டா அது ஒரு ரிப்பேர், எழுதாம விட்டா அது நைட்டு முழுக்க மண்டைக்குள்ள ஓடும்.

இருவது நிமிஷம் கேட்டா கன்ட்ரோல் ரூம்ல குடுப்பாங்களான்னு நீங்க கேப்பீங்க. பல நேரம் குடுக்க மாட்டாங்க, அடுத்த கால் வந்துடும், எனக்கும் தெரியும். அப்போ வண்டி ஓடும்போதே அந்த நாலு வரியைப் பேசிக்கலாம், எதுவுமே இல்லாததுக்கு அது மேல். வர்ஜீனியால ஒரு ஆஸ்பத்திரில ஜோனாதன் பார்டல்ஸ்னு ஒரு நர்ஸ், யாராவது இறந்துட்டா ரூமை விட்டுப் போறதுக்கு முன்னாடி டீம் மொத்தமும் ஒரு நிமிஷம் போல அமைதியா நிக்கிற வழக்கத்தைக் கொண்டு வந்தார், அது இப்போ பல நாட்டுல இருக்கு. அதுக்குத் தனி ரூமோ பர்மிஷனோ எதுவும் தேவைப்படல.

ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரத்தைப் பத்தி டிப்ரீஃபிங் ட்ரெய்னிங்ல யாரும் பேசறதில்ல, எனக்கு அதுதான் பாதி வேலைன்னு தோணும். 12 மணி நேர ஷிஃப்ட், அதுல இப்படி ஒரு கேஸ், முடிஞ்சதும் அந்த ஆள் விடியக்காலைல தனியா பைக் எடுத்துட்டு 30 கிலோமீட்டர் போறார்னா அதைத்தான் முதல்ல கவனிக்கணும். யாராவது கூடப் போக முடியுமா, பஸ்ல போங்கன்னு சொல்ல முடியுமா, வீட்ல இன்னிக்கு யார் இருக்காங்க, சாப்பிட்டாச்சா. உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஹெச்ஓ) 2011ல வெளியிட்ட மனநல முதலுதவி கையேடும் இதைத்தான் சொல்லுது, பாரு, கேளு, தேவையானதோட சேர்த்து விடு. தோண்டிக் கேக்கச் சொல்லல. சாப்பாடு, தூக்கம், பாதுகாப்பு, கூட ஒரு ஆள், இதுதான் முதல்ல. நம்ம வீடுகள்ல துஷ்டிக்குப் போயிட்டு வந்தா உள்ள நுழையறதுக்கு முன்னாடி தலைக்குத் தண்ணி ஊத்திக்கிற பழக்கம் இருக்கில்ல, தீட்டு அது இதுன்னு சொல்ற காரணத்துல எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனா வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு கோடு போடறதுக்கு அது நல்ல பழக்கம். எனக்குத் தெரிஞ்ச ஒரு மார்ச்சுவரி உதவியாளர் சட்டையை அங்கயே மாத்திட்டு, முகம் கை கால் கழுவிட்டு, ரெண்டு தெரு நடந்துட்டுத்தான் வண்டி எடுப்பார்.

சரக்கு விஷயத்தையும் சொல்லிடறேன், மழுப்ப வேணாம். ஒரு மோசமான கேஸ் முடிஞ்சா ஒரு குவாட்டர், அப்பத்தான் தூக்கம் வரும்ங்கிறது இந்த ஃபீல்டுல சாதாரணம். குடிச்சா சீக்கிரம் தூக்கம் வரும், வாஸ்தவம்தான், ஆனா அந்தத் தூக்கம் நடுராத்திரில கலைஞ்சுடும், நல்லாத் தூங்கின மாதிரியும் இருக்காது. மனசு ஆறறதுக்கு நல்ல தூக்கம் வேணும். முதல் சில நாளைக்காவது தள்ளி வைங்கன்னு சொல்லிப் பாப்பேன், கேக்குறவங்க கேப்பாங்க.

இப்போ கூட வேலை பாக்குறவங்களோட பேசறது. நாம நெஜமாவே மனசு விட்டுப் பேசறது கவுன்சிலர்கிட்ட இல்ல, டீக்கடைலயும் டியூட்டி ரூம்லயும்தான். இதுக்குக் கனடாவுல பிரான்ஸ்வாஸ் மாத்தியூங்கிறவங்க ஒரு எளிய முறை சொல்றாங்க, நான் எல்லா டீமுக்கும் முதல்ல இதைத்தான் சொல்லிக் குடுக்குறது. நான் இப்போ என்ன சொல்லப் போறேன், எவ்வளவு கோரமா இருக்கும்னு நானே ஒரு செகண்ட் யோசிக்கணும். அப்புறம் எதிர்ல இருக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லணும். அப்புறம் கேக்கலாமா வேணாமான்னு அவர் சம்மதம் வாங்கணும். அப்புறம் தேவையானதை மட்டும் சொல்லணும், மத்ததை விட்டுடணும். பேச்சு வழக்குல இது இப்படி வரும்: "அக்கா, இன்னிக்கு ஒரு கொழந்த கேஸ், கொஞ்சம் மோசம். பேசணும் போல இருக்கு, இப்போ கேக்குற நிலைமைல இருக்கீங்களா, இல்ல சாப்ட்டு வந்து பேசலாமா?" அந்த அக்காவுக்குக் கைக்கொழந்த இருக்கலாம், அவங்களே நேத்து ஒரு கேஸ்ல ஆடிப்போய் இருக்கலாம். அவங்க "இப்போ வேணாம்டா, ராத்திரி போன் பண்ணு"ன்னு சொல்றதுக்கு ஒரு வழி இருக்கணும். அப்புறம் சொல்லும்போதும் காயம் எப்படி இருந்துச்சு, எந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு வர்ணிக்கத் தேவையில்ல. "அந்த அம்மா கத்தினது இன்னும் காதுலயே இருக்கு, நான் ஏதாவது விட்டுட்டேனோன்னு ஓடிகிட்டே இருக்கு" — இது போதும். பாரம் இறங்கறதுக்கு வர்ணனை வேணும்னு ஒண்ணும் இல்ல.

வாட்ஸ்அப் குரூப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்பாட் போட்டோவை குரூப்ல போடற பழக்கம் இருக்கே, அது மேல சொன்ன நாலையும் ஒரே அடில மீறுது. லீவுல வீட்ல கொழந்தைக்கு சோறு ஊட்டிகிட்டு இருக்கிற ஒருத்தர் போனைத் தொறந்தா நசுங்கின பைக்கும் ரத்தமும். அவர் கேக்கவும் இல்ல, தயாராவும் இல்ல. செத்தவரோட குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்ங்கிறது தனிக் கதை. ஆபீஸுக்கு போட்டோ அவசியம்னா யாருக்கு அவசியமோ அவருக்கு மட்டும் அனுப்பணும். இந்த ஒரு ரூலைக் கொண்டு வந்தாலே பாதி புண்ணியம்.

சூப்பர்வைசர்கள் இனிமே வர்றதைக் கொஞ்சம் கவனமாப் படிக்கணும். நம்ம ஊர்ல டிப்ரீஃபிங் வேலைக்கு ஆகாததுக்கு முக்கியமான காரணம் சைக்காலஜி இல்ல, மெமோ. "வாங்க, உக்காந்து ஃப்ரீயா பேசுங்க"ன்னு கூப்பிட்டு, அதுல ஒருத்தர் "எனக்குக் கை நடுங்கிச்சு, ரெண்டு தடவை நரம்புல ஐவி லைன் போட முடியல"ன்னு சொன்னதை வச்சு அடுத்த வாரம் எக்ஸ்பிளனேஷன் கேட்டா, அந்த டீம்ல இனிமே எவனும் வாயைத் தொறக்க மாட்டான், தொறக்கவும் கூடாது. விசாரணை வேணும்னா தனியா நடத்துங்க, வேற நாள், வேற ஆளு, விசாரணைன்னு பேர் சொல்லியே நடத்துங்க. ரெண்டையும் ஒரே நாற்காலில உக்காந்து பண்ணக் கூடாது. டிப்ரீஃபிங்ல பேசினது அந்த ரூமைத் தாண்டாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லணும், எதெல்லாம் தாண்டும்ங்கிறதையும் சொல்லணும் (யாராவது உயிரை மாய்ச்சுக்கற நிலைமைல இருந்தா, ஒரு கொழந்தைக்கு ஆபத்துன்னா). நோட்ஸ் எடுக்காதீங்க, ரெக்கார்ட் பண்ணாதீங்க, ரிப்பேர் லிஸ்ட் மட்டும் எழுதிக்கங்க.

கேக்குற விதத்துலயும் இருக்கு. "ஆர் யூ ஓகே?"ன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டா "ஓகே சார்"ங்கிறதைத் தவிர வேற என்ன பதில் வரும்? அதுக்குப் பதிலா, "நேத்து தூங்குனியா? சாப்பாடு எறங்குச்சா? இன்னிக்கு நைட் டியூட்டியை மாத்தி விடட்டுமா?"ன்னு தனியாக் கேட்டா பதில் வரும். உணர்ச்சியைப் பத்தி நேரடியாக் கேக்காம தூக்கம், சோறு, டியூட்டின்னு கேக்குறது நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வருது, அதுலயே பாதி விஷயம் வெளிய வந்துடும். பேசாம உக்காந்திருக்கிறவரை விட்டுடணும். பேசலன்னா உள்ள வச்சுக்கிட்டு வெந்துகிட்டு இருக்கார்னு அர்த்தம் இல்ல, சிலருக்குத் தோட்டத்துல தண்ணி பாய்ச்சினா சரியாயிடும், சிலருக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தா. அழுதவரை விட அழாதவர் மோசமான நிலைமைல இருக்கார்னும் இல்ல.

ஆனா ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடறதுதான் நாம பண்ற பெரிய தப்பு. பிரிட்டன்ல ராயல் மரைன்ஸ் படைல ட்ரிம்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, இப்போ அங்க ஆம்புலன்ஸ், போலீஸ்லயும் இருக்கு. அதுல வெளிலேர்ந்து கவுன்சிலர் யாரும் வர்றதில்ல, கூட வேலை பாக்குறவங்கள்லயே சிலருக்குப் பயிற்சி குடுத்து வச்சிருப்பாங்க. சம்பவம் நடந்து மூணு நாள் போல கழிச்சு ஒரு தடவை பேசுவாங்க, ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் பேசுவாங்க. அந்த ரெண்டாவது தடவைதான் சங்கதியே. முதல் தடவை எல்லாருமே கலங்கித்தான் இருப்பாங்க, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு மாசம் கழிச்சும் கொறையலன்னாதான் அந்த ஆளுக்கு உதவி வேணும்னு தெரியும். ஒரு சின்ன ஸ்டேஷன்லயோ சென்டர்லயோ இதைப் பண்ண பெரிய செலவு இல்ல, காலண்டர்ல தேதி குறிச்சு வச்சு, அந்தத் தேதில ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேக்கணும். ஜனங்க மறந்துடறாங்க, அவ்ளோதான்.

ஹெல்ப்லைன், தங்குமிடம்னு வேலை பாக்குறவங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் வேற மாதிரி. அவங்களுக்கு "சம்பவம்"னு ஒண்ணு இருக்காது. ஒரு நாளைக்குப் பல போன், ஒவ்வொண்ணுலயும் யாரோ ஒருத்தரோட அடி, பயம், கடன், சாகணும்ங்கிற நெனப்பு. எதையும் கண்ணால பாக்கறதில்ல, அதனாலயே "உனக்கென்ன, ஏசி ரூம்ல போன்தானே பேசற"ன்னு வீட்லயே சொல்லுவாங்க. ஆனா வேலை காரணமாத் திரும்பத் திரும்ப மத்தவங்களோட கொடூர அனுபவங்களோட விவரத்துக்கு ஆளாகுறதும் பிடிஎஸ்டிக்குக் காரணமாகலாம்னு மனநோய்களைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பயன்படுத்துற, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட டிஎஸ்எம் 5 புத்தகத்துல 2013லயே சேத்துட்டாங்க. இன்னொரு கஷ்டம், போன் வச்சதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு தெரியவே தெரியாது. பாதில கட் ஆன கால்தான் எல்லாத்தையும் விட மோசம்.

இதுக்கு லண்டன்ல 1953ல ஆரம்பிச்ச சமாரிட்டன்ஸ் ஹெல்ப்லைன்ல ஒரு பழக்கம் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு கௌம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தன்னார்வலரும் அன்னிக்கு லீடரா இருக்கிறவர்கிட்ட என்னென்ன கால் வந்துச்சு, எது மனசுல ஒட்டிகிட்டு இருக்குன்னு பேசிட்டுத்தான் போகணும். மோசமான கால் வந்த அன்னிக்கு மட்டும் இல்ல, எல்லா நாளும். நம்ம ஊர் சென்டர்கள்ல இதைக் கொண்டு வரணும்னா ஹேண்ட்ஓவர் எழுதற பத்து நிமிஷத்தோட சேத்துடலாம். எழுதறதை எழுதிட்டு, "இதுல எந்தக் கால் உன் கூட வீட்டுக்கு வரப் போகுது?"ன்னு ஒரே ஒரு கேள்வி. தினமும் நடக்குறதால யாருக்கும் கூச்சம் இருக்காது, "இவளுக்கு ஏதோ பிரச்சன, அதான் உள்ள கூப்பிட்டிருக்காங்க"ன்னு பேச்சும் வராது. தெரியாமப் போன முடிவைப் பத்தி பேசும்போது ஆறுதலா பொய் சொல்லாதீங்க, "அவங்க நல்லா இருப்பாங்க"ன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? "அந்த பதினஞ்சு நிமிஷம் அவங்க லைன்ல இருந்தாங்க, நீ இருந்த. அதுக்கு மேல நம்ம கைல இல்ல"ங்கிறது உண்மை, அது போதும்.

எப்போ இதெல்லாம் பத்தாதுன்னு தெரிஞ்சுக்கறது? ஒரு மாசம் ஆகியும் அதே கனவு வருது, அந்த ரோட்டு வழியா போகவே மாட்டேங்குறார், அந்த மாதிரி கால் வந்தா கை நடுங்குது, குடி கூடிகிட்டே போகுது, வீட்ல யாரோடயும் ஒட்டல, எதுலயும் ஒரு உணர்ச்சியே இல்லைங்குறார்னா டாக்டரைப் பாக்கணும். இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, சம்பவத்தை மையமா வச்ச சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாத்த உதவுற பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை அசைச்சுகிட்டே அந்த நினைவைக் கையாளுற சிகிச்சை) ரெண்டும் உதவும்னு நல்ல ஆதாரம் இருக்கு. அங்கயும் நடந்ததைப் பத்திப் பேச வைப்பாங்களேன்னு கேக்கலாம். பேச வைப்பாங்க, ஆனா பயிற்சி எடுத்த ஒருத்தர், வாரக்கணக்குல, நீங்க தாங்குற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா. ஒரு மணி நேரத்துல கூட்டத்துல கொட்ட வைக்கறதும் அதுவும் ஒண்ணு இல்ல. பக்கத்துல யாரைப் பாக்கறதுன்னு தெரியலன்னா 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்லேர்ந்து நடக்குது, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்துல ஜிஹெச்லயும் மனநல மருத்துவர் இருப்பார். செத்துடலாம் போல இருக்குங்கிற எண்ணம் வந்தா மட்டும் ஒரு மாசம் எல்லாம் பாத்துகிட்டு இருக்கக் கூடாது, அன்னிக்கே.

கடைசியா அடிக்கடி கேக்குற ஒரு கேள்வி, வீட்டுக்காரர்கிட்ட, வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லலாமான்னு. சொல்லலாம், பிரான்ஸ்வாஸ் மாத்தியூ சொன்ன அதே நாலு விஷயத்தோட. பேஷண்ட் பேரு, ஊரு வேணாம், வர்ணனை வேணாம். "இன்னிக்கு ஒரு கஷ்டமான கேஸ், நான் கொஞ்சம் அமைதியா இருப்பேன், உன் மேல கோவம் இல்ல" — இதைச் சொல்லாம விடறதாலதான் பாதி வீட்ல சண்டை வருது. டீம் லீடர்கள் கேக்குற கேள்வி வேற, இதெல்லாம் பண்ணா ஆளுங்க வேலையை விட்டுப் போறது நிக்குமான்னு. ரெண்டு பேர் பாக்குற வேலையை ஒருத்தர் பாத்துகிட்டு, வார லீவு கிடைக்காம, சம்பளம் பத்தாம் தேதி தாண்டி வந்தா நிக்காதுங்க. அதுக்கு டிப்ரீஃபிங்ல மருந்து கிடையாது, அதை ஹெட் ஆபீஸ்லதான் பேசணும்.